மாப்பிள்ளையின் மரணங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "மேடம், குழாய் தப்பான இடத்துக்குப் போயிடுச்சுங்க."

குழாய் போனது ஒரு பொம்மையின் தொண்டைக்குள் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் பயிற்சிக்கூடத்தில் நிரந்தரமாகப் படுத்திருக்கும் ரப்பர் மனிதர் அவர். மயக்க மருத்துவம் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவர் வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்திப் பழக வேண்டும். மாணவர்கள் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயை லேசில் திறக்க மாட்டார். பல்லில் கொஞ்சம் இடித்தால் போதும், 'டக்'கென்று சத்தம் போடுவார். என்ன செய்தாலும் திருப்தி இருக்காது, எல்லோரும் அவரைத் தாங்க வேண்டும். பெயர் பொருத்தம்தான்.

என் குழாய் மூச்சுக்குழலை விட்டுவிட்டு உணவுக்குழலுக்குள் இறங்கியது. இறங்கும்போதே விரலுக்குத் தெரிந்தது. யாருக்கும் தவறும்; தவறினால் உரக்கச் சொல்லிவிட்டு வெளியே எடுக்க வேண்டும். எங்கள் துறையின் முதல் பாடமே இதுதான். நான் சொல்லவில்லை. துறைத்தலைவர் ஹமீதா பானு மேடம் காற்றுப்பையை அழுத்தினார். மாப்பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை. வயிறு மட்டும் பந்தியில் மூன்றாவது முறை பாயசம் வாங்கியவரைப் போல எழும்பியது.

"வயித்துக்கு நல்ல சாப்பாடு. நுரையீரல்தான் பட்டினி," என்றார் மேடம். "கோதை, உனக்கு முன்னாடியே தெரிஞ்சுதுதானே?"

தலையாட்டினேன்.

"அப்ப சொல்றதுக்கு என்ன?"

அதற்கும் தலையாட்டினேன். வகுப்பு சிரித்தது.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உன் கை நல்ல கை. ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல உன் கை யாருக்கும் கேக்காது. இருபத்தஞ்சாம் தேதி தேர்வு வெச்சிருக்கேன். அதுல வாயத் தொறந்து பேசினா செப்டம்பர்ல இருந்து தனியா ஒரு தியேட்டர் பாத்துக்கலாம். இல்லன்னா ஆறு மாசம் தள்ளிப் போகும். அப்பவும் இப்படியேன்னா வேற துறைக்கு மாறிடு. பேசாமச் செய்யற வேலை மருத்துவத்துல எவ்வளவோ இருக்கு."

எனக்கு வேறு துறை வேண்டாம். ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய மூச்சை அவருக்காக எண்ணிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற வேலை இது ஒன்றுதான். பள்ளியில் படிக்கும்போதே இதைத்தான் விரும்பினேன். இதையும் மேடமிடம் சொல்லவில்லை. மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

துணி துவைத்தேன். மழை. மறுபடியும் துவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குடலிறக்க அறுவைக்கு வந்த ஒரு லாரி ஓட்டுநருக்கு மேடம் பக்கத்தில் நிற்க நானே குழாய் வைத்தேன். முதல் முயற்சியிலேயே போனது. பல் ஒன்றும் ஆடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பாதி நிமிடம் கடந்திருக்கும்.

மயக்கத்துக்கும் அறுவைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை உண்டு. நாங்கள் தலைப்பக்கம், அவர்கள் வயிற்றுப் பக்கம். திரைக்கு அப்பாலிருந்து தலைமை அறுவை மருத்துவர் திருவேங்கடம் சார் கேட்டார்: "ஆரம்பிக்கலாமா?"

தலையாட்டினேன்.

"அம்மா, ஆரம்பிக்கலாமா?"

இன்னும் அழுத்தமாகத் தலையாட்டினேன்.

"அந்தப் பக்கம் யாராவது குடியிருக்கீங்களா, இல்ல வீடு காலியா?"

மேடம் பதில் சொன்னார். திருவேங்கடம் சார் திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஓ, ஆள் இருக்கு" என்றார். ஆறடி உயரம், குரல் அதற்கு மேல் இரண்டடி. அவர் கையில் கத்தி இருக்கும்போது தியேட்டரில் மின்விசிறிகூட அனுமதி கேட்டுத்தான் சுற்றும் என்று செவிலியர்கள் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் ஊர் கோபியிலிருந்து அம்மா போனில் பேசினாள்.

"சாப்ட்டியா கண்ணு?"

"ம்."

"அங்க வேலையெல்லாம் நல்லாப் போகுதா?"

"ம்."

"பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டாங்க, உங்க பொண்ணு எப்படி இருக்குதுன்னு. அதுக்கென்னங்க, அது இருக்கறதே தெரியாதுன்னேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் அது ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சச் சான்றிதழ்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாப்பிள்ளை இன்று காலை இறந்தார். பிற்பகலில் மறுபடியும் இறந்தார்.

இந்த முறை குழாய் வைப்பதோடு விஷயம் முடியவில்லை. தேர்வுக்கு வரப்போவது ஒரு நாடகம். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் வயிற்று அறுவையில், உள்ளே பார்க்க இடம் வேண்டும் என்பதற்காக முதலில் வயிற்றைக் காற்றடைத்து உப்ப வைப்பார்கள். சிலருக்கு வயிறு அப்படி விரியும்போது இதயத் துடிப்பு சட்டென்று இறங்கிவிடும். அறுவை செய்கிறவருக்கு அது தெரியாது. அவர் கண் வயிற்றுக்குள் இருக்கும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள்தான் உடனே அவரிடம் சொல்லி அந்தக் காற்றை வெளியே விட வைக்க வேண்டும். ஊசி மருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

நாடகத்தில் அறுவை மருத்துவராக நடிக்க மேடம் பெலிக்ஸை நிறுத்தினார். என்னோடு சேர்ந்தவர், தூத்துக்குடிக்காரர். எட்டு மாதமாக ஒரே வகுப்பில் இருக்கிறோம். நான் அவரிடம் பேசியவை: "இந்தப் பேனா உங்களுடையதா?", "மேடம் உங்களைக் கூப்பிடறாங்க." மேடம் அவர் காதில் ஏதோ சொன்னார். சொன்னது என்னவென்று ஆரம்பித்தவுடன் தெரிந்தது: நான் சொல்வதைக் கேட்காத மாதிரி நடிக்க வேண்டும்.

கணினியில் மாப்பிள்ளையின் துடிப்பு இறங்கத் தொடங்கியது.

"சார்," என்றேன். "கொஞ்சம்..."

பெலிக்ஸ் இடுக்கியை ஆட்டிக்கொண்டு தன் கற்பனைச் செவிலியரிடம் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசினார்.

"சார், முடிஞ்சா..."

மாப்பிள்ளை இறந்தார்.

"'முடிஞ்சா'வா?" என்றார் மேடம். "கல்யாணத்துக்கா கூப்பிடற? முடிஞ்சா வாங்க, மொய் வேண்டாம்னு?"

வெளியே வராந்தாவில் பெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தார். "கோதை, ஒரு யோசனை. சாயங்காலம் இந்த ரூம் சாவிய நான் வாங்கி வைக்கேன். தெனம் கொஞ்ச நேரம் பழகுவோம். நான் கேக்காத சர்ஜன், நீ கத்துற அனஸ்தீஷியா. கூலி, நால்ரோட்டுக் கடைல பரோட்டா."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன்.

"சிரமம் இல்ல. பசி."

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று மாலை மாப்பிள்ளை நான்கு முறை காலமானார். பெலிக்ஸ் பரோட்டா சாப்பிட்டார். நான் சால்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று பெலிக்ஸ் வேறு மாதிரி ஆரம்பித்தார். "உனக்கு வீட்ல யாரையாவது கத்திப் பழக்கம் உண்டா?"

யோசித்தேன். "தம்பி."

"எதுக்குக் கத்துவ?"

"டிவி ரிமோட்டத் தர மாட்டான்."

"என்னன்னு கத்துவ?"

"அதெல்லாம் இங்க எப்படிங்க..."

"சும்மா சொல்லு. நான்தான் உன் தம்பி. இந்தா, ரிமோட்டு என் கைல." இடுக்கியைத் தூக்கிக் காட்டினார். "தர மாட்டேன் போ. என்ன செய்வ? அம்மாட்ட சொல்லுவியா? ஊமச்சி!"

அந்தக் கடைசிச் சொல் எங்கிருந்து அவருக்குக் கிடைத்ததோ. என் தம்பியும் அதையேதான் சொல்வான்.

"டேய்! குடுறா!"

சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது. பெலிக்ஸ் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டார். வராந்தாவில் போன ஒரு செவிலி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஆங்! இதுதான். இத அப்படியே வச்சுக்கோ. இப்ப ரிமோட்டு இல்ல, காத்து."

"டேய், காத்த விடுடா."

"விட மாட்டேன்."

எதைச் சொல்லி மிரட்டுவது என்று தெரியவில்லை. அவரிடம் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் நினைவுக்கு வந்தது.

"டேய்! காத்த விடுடா! விடலன்னா இன்னிக்குப் பரோட்டா கிடையாது!"

பெலிக்ஸ் உடனே காற்றை விட்டார். மாப்பிள்ளை பிழைத்தார். மூன்று நாளில் முதல் முறை. நாங்கள் இருவரும் அவருடைய ரப்பர் கையைக் குலுக்கினோம்.

பெலிக்ஸ் ஆறு பரோட்டா சாப்பிட்டான். நான் இரண்டு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். பெலிக்ஸ் ஊருக்குப் போயிருக்கிறான். நால்ரோட்டுக் கடை திறந்திருந்தது. அந்த வழியாகத்தான் நூலகத்துக்குப் போனேன். நூலகம் விடுமுறை என்பது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெலிக்ஸ் வகுப்புக்கு மொத்தமாக ஒரு டப்பா முந்திரி மக்ரூன் கொண்டுவந்தான். பத்து நிமிடத்தில் காலி. மாலையில் பயிற்சிக்கூடத்தில் என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தான். "மிச்சம். நீ காலைல எடுக்கலைல்லா."

பொட்டலத்தின் நூல்கட்டு பிரிக்கப்படாமல் இருந்தது. மிச்சம் எப்படி அப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இல்லை.

மாப்பிள்ளை ஐந்து முறை பிழைத்தார். சொல்ல வேண்டியது இப்போது யோசிக்காமலே வருகிறது. துடிப்பு இறங்கும் ஒலி கேட்டதும் வாய் தானாகத் திறந்து, டேயில் ஆரம்பித்துப் பரோட்டாவில் முடிகிறது. "தேர்வுல மட்டும் டேய்ய எடுத்துட்டு சார் போட்டுக்கோ. பரோட்டாவ வெட்டிரு," என்றான் பெலிக்ஸ். அது கடைசி நாள் வேலை, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

ஆகஸ்ட் 20, புதன்

மெஸ்ஸில் சாம்பார் வாளியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். பரிமாறுகிறவர் வாளியோடு இரண்டு அடி பின்வாங்கினார். குரலின் அளவை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

பித்தப்பைக் கல்லுக்கு அறுவை. நோயாளி முப்பிடாதி, பீடி சுற்றுகிறவர், நாற்பது வயது. மேசையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் மயக்கம் குடுக்கியளா? வலிக்காதுல்லா?"

"வலிக்காதுங்கம்மா."

"என்ன தாயி? கேக்கல."

"வலிக்காது!" என்றேன். சிரித்தார். முன்பல் ஒன்றில் ஆட்டம் இருந்தது. பார்த்து வைத்துக்கொண்டேன்.

தூங்கினார். குழாய் வைத்தேன். மேடம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பக்கத்துத் தியேட்டரில் ஒரு குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்று ஆள் வந்தது. அங்கேதான் பெலிக்ஸும் இருந்தான். "கதவு திறந்தே இருக்கு, ஒரு குரல் குடுத்தா வந்துருவேன்," என்று சொல்லிவிட்டு மேடம் போனார். 'குரல்' என்ற சொல்லைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

திருவேங்கடம் சார் காற்றடைக்க ஆரம்பித்தார். மாடி வீட்டுக்காரர் தன் காரின் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்துவதைப் பற்றி உதவி மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நானும் மரியாதையாச் சொல்லிப் பாத்துட்டேன்யா. மரியாதையாச் சொன்னா எவன் கேக்கறான்?"

மானிட்டரின் 'டிங்' ஒலிகளுக்கு நடுவே இடைவெளி அகன்றது. எழுபதில் இருந்த துடிப்பு ஐம்பத்தைந்து. நாற்பத்தெட்டு. துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசி கையிலேயே இருந்தது, செலுத்தினேன். காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மருந்து மட்டும் என்ன செய்யும்?

"சார்," என்றேன்.

"அவன் என்ன சொல்றான் தெரியுமா, நான்தான் கார சின்னதா வாங்கியிருக்கணுமாம்!"

நாற்பது. முப்பத்தாறு. திரைக்கு இந்தப் பக்கம் முப்பிடாதியின் முகம். நெற்றியில் வைத்த திருநீறு இன்னும் அழியவில்லை.

"சார், காத்து..."

அடுத்த ஒலி வரவேயில்லை. வர வேண்டிய நேரம் கடந்து போனது.

"டேய்! காத்த விடுடா! விடலன்னா இன்னிக்குப் பரோட்டா கிடையாது!"

ஒரு சொல்கூடக் குறையாமல் வந்தது. அவ்வளவு பயிற்சி.

திருவேங்கடம் சார் பெரிய மருத்துவர் என்பதை இன்று தெரிந்துகொண்டேன். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, ஏன் பரோட்டா, எதையும் அவர் யோசிக்கவில்லை. சொல் காதில் விழுந்த அதே நொடியில் அவர் கை வால்வைத் திறந்தது. காற்று புஸ்ஸென்று வெளியேறியது. வயிறு தணிந்தது. தியேட்டரில் யாரும் மூச்சு விடவில்லை, முப்பிடாதியைத் தவிர. அவருக்கு நான் விட்டுக்கொண்டிருந்தேன்.

டிங்.

பிறகு இன்னொன்று. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமாக. முப்பத்தெட்டு, ஐம்பது, எண்பது.

மேடம் ஓடி வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பெலிக்ஸின் கண்கள், முகக்கவசத்துக்கு மேலே வட்டமாக.

திருவேங்கடம் சார் மெதுவாகத் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பரோட்டா?" என்றார்.

துடிப்பு சீரானதும், இந்த முறை காற்றை மிக மெதுவாக அடைத்து, அறுவையைச் செய்து முடித்தார். ஸ்கூட்டர் கதை தொடரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 23, சனி

மேடம் கூப்பிட்டார். மிக்சர் தட்டு இல்லை.

"காத்த விடச் சொன்னது சரி. மருந்து போட்டது சரி. என்னக் கூப்பிடல, அது தப்பு. டேய்ங்கறது பாடத்திட்டத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"சாரி மேடம். சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

"கேக்கப் போனியா?"

"போனேன். கதவு வரைக்கும்."

மேடம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "அவர் எனக்குப் போன் பண்ணினார். முப்பது வருஷ சர்வீஸ்ல அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லையாம். திங்கட்கிழமை உன் தேர்வுக்கு அவரே வர்றாராம். சர்ஜன் வேஷம் அவருக்குத்தான் வேணுமாம்."

"எதுக்கு மேடம்?"

"எனக்கென்ன தெரியும்? வேண்டாம்னு சொல்ல எனக்கே தைரியம் இல்ல."

பிறகு வார்டுக்குப் போனேன். முப்பிடாதி சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, அங்கன ஆருக்கோ பரோட்டா கெடையாதுன்னு சத்தம் போட்டியளாமே?" என்றார்.

மயக்கம் கொடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியம் இருக்க முடியாது. நோயாளி நடுவில் விழித்திருந்தாரா? எல்லாம் கேட்டதா? வலித்ததா? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, உங்களுக்கு... அது கேட்டுச்சுங்களா?"

"எனக்கு எங்க கேட்டுச்சு? செத்த பொணம் மாதிரில்லா கெடந்தேன். தரை தொடைக்க வந்த ஆயாம்மா சொல்லிச்சு. ஆசுபத்திரி பூரா அதான் பேச்சு!"

அதைக் கேட்டு மகிழ்ச்சியில் கண் கலங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலையில் பயிற்சி செய்யவில்லை. எதைப் பயில்வது? பெலிக்ஸ் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு விடுதி வாசலில் நின்றான். "எல்லாம் என் தப்பு. பரோட்டாவ மொதல்லயே வெட்டிருக்கணும்." அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டுக்கு மேல் அவனால் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

திருவேங்கடம் சார் பச்சை உடையில் வந்து மாப்பிள்ளையின் வயிற்றுப் பக்கம் நின்றார். துறையில் இருந்த எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். ஆறு மாதம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று நேற்றே நினைத்து முடித்துவிட்டிருந்தேன். கோபிக்குப் போவேன். தம்பியிடம் ரிமோட்டைக் கேட்பேன்.

காற்று ஏறியது. துடிப்பு இறங்கியது. அறுபது, ஐம்பது.

"சார், காத்த வெளிய விடுங்க," என்றேன். அறைக்குக் கேட்கும் அளவுக்கு வந்தது.

அவர் கேட்காத மாதிரி நின்றார். அவருக்கு நடிப்பு தேவைப்படவே இல்லை.

நாற்பத்திரண்டு. சுவரோரம் நின்றவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் நாக்கிலும் அது தயாராக இருந்தது. டேய் என்றால் அவர் விட்டுவிடுவார், மாப்பிள்ளை பிழைப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அது பெலிக்ஸோடு விளையாடிய விளையாட்டாக முடிந்துவிடும். மேசையைச் சுற்றி அவர் பக்கம் போனேன். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சார், இதயம் நிக்கப் போகுது. காத்த இப்பவே விடுங்க. நான் சொல்ற வரைக்கும் மறுபடி ஏத்தாதீங்க." திரும்பாமலே கதவுப் பக்கம் குரல் கொடுத்தேன். "மேடம், உடனே வாங்க!"

இது தம்பியிடம் கத்துகிற குரல் இல்லை. வகுப்பில் முனகும் குரலும் இல்லை. எனக்கே புதிதாக இருந்தது.

அவர் வால்வைத் திறந்தார். கணினித் திரையில் துடிப்பு ஏறியது.

"மேடம் இங்கதான் இருக்கேன், காது போச்சு," என்றார் ஹமீதா மேடம், இரண்டடி தள்ளி.

திருவேங்கடம் சார் கையுறையைக் கழற்றினார். "'சார்' வந்தாச்சு. மரியாதையும் வந்தாச்சு," என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்குத்தான் சீக்கிரமாக் கேட்டுச்சு." வாசல் வரை போய்த் திரும்பினார். "மாடி வீட்டுக்காரன்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். டேய்னேன். ஸ்கூட்டர எடுத்துட்டான்."

மேடம் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

இனி மாலையில் பயிற்சிக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பெலிக்ஸ் சாவியை இன்னும் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று மேடமிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அவன் எப்போதோ தேறிவிட்டவன். எதற்கு என்று இன்று கேட்டுவிட்டேன். தலையாட்டினான்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று இரண்டாம் தியேட்டரில் தனியாக நின்றேன். மூன்று பேருக்கு மயக்கம் கொடுத்தேன். மூன்று பேரும் விழித்துக்கொண்டார்கள்.